பள்ளியில் சைகை மொழிபெயர்ப்பாளராக என்ன தகுதி வேண்டும்? கேள்வி பதில்

பள்ளி, கல்லூரி வகுப்பறைகளில் இந்திய சைகை மொழியில் மொழிபெயர்த்து வரும் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். மொழிபெயர்ப்பாளராக ஆசை. பி.எட். படித்தாக வேண்டுமா? (மதுரை)

வேண்டாம் தம்பி. நீங்கள் தேடுவது ‘டிஸ்லி’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் இந்திய சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோ. இரண்டு வருடம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் சேரலாம், 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். டெல்லியில் ஐஎஸ்எல்ஆர்டிசி எனப்படும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015இல் தொடங்கியதிலிருந்து இந்தத் துறைக்கு அதுதான் தலைமை இடம். நமக்குப் பக்கத்தில் என்றால் திருவனந்தபுரத்தில் நிஷ் எனப்படும் தேசிய பேச்சு, கேட்டல் நிறுவனம், கோவையில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம். சேருவதற்கு முன் அந்த வருடத்துக்கு ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு மன்றத்தின், அங்கீகாரம் இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்துவிடுங்கள். படித்து முடித்ததும் அதே மன்றத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். சில விளம்பரங்களில் ‘ஏ, பி, சி லெவல்’ என்று கேட்டிருப்பார்கள். அது டிப்ளமோவுக்கு முன்பிருந்த பழைய சான்றிதழ் முறை, குழம்ப வேண்டாம்.

நான் செவித்திறன் குறையுடைய பிள்ளைகளுக்கான சிறப்பு பி.எட். முடித்தவள். தலைமை ஆசிரியர் “பத்தாம் வகுப்பில் நீங்களே கூட நின்று மொழிபெயர்த்துவிடுங்கள்” என்கிறார். தகுதி இருக்கிறதா? (விழுப்புரம்)

கற்பிக்க இருக்கிறது. மொழிபெயர்க்க, உங்கள் சான்றிதழை மட்டும் வைத்து இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இந்தக் குழப்பம் பெரும்பாலான பள்ளிகளில் இருக்கிறது. சிறப்பு ஆசிரியர் பாடத்தைக் குழந்தையின் அளவுக்கு இறக்கி, விட்டதைத் திரும்பச் சொல்லி, திருத்தி நடத்துபவர். மொழிபெயர்ப்பாளர் பாடமே நடத்துவதில்லை. ஆசிரியர் பேசப் பேச, சில நொடி பின்தங்கியபடி கையில் கொண்டுவருகிறார். பிள்ளை கை காட்டிக் கேட்கும் கேள்வியைக் குரலாக்குகிறார். பின் பெஞ்சில் யாரோ அடித்த ஜோக்கும் இதில் அடக்கம். மற்ற பிள்ளைகள் சிரிக்கும்போது இவன் மட்டும் விழிக்கக் கூடாது அல்லவா?

சிறப்பு பி.எட்.டில் சைகை மொழி கொஞ்சம் வரும். ஆனால் பலர் கற்றுக்கொண்டு வருவது தமிழ் வாக்கியத்துக்குச் சொல்லுக்குச் சொல் சைகை போடுவதைத்தான். இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. “ஏன் நேற்று பள்ளிக்கு வரவில்லை?” என்பதில் ‘ஏன்’ கடைசியில் போய் நிற்கும், புருவமும் முகமும் சேர்ந்துதான் கேள்வியாகும். முகத்தை அசைக்காமல் கையை மட்டும் ஆட்டினால் பிள்ளைக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

சட்டப்படி தலைமை ஆசிரியருக்கு நெருக்கடி இருப்பதும் உண்மை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காது கேளாத பிள்ளைக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்கிறது. ஆனால் 2022இல் மத்திய அரசு அறிவித்த விகிதம், தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்பது, சிறப்பு ஆசிரியர்களுக்கானது. மொழிபெயர்ப்பாளருக்கு அப்படி ஒரு கணக்கு அதில் இல்லை. அதனால்தான் ஒரே ஆளின் தலையில் இரண்டையும் கட்டுகிறார்கள். ஒரு பீரியட் சமாளிப்பீர்கள். நாள் முழுவதும் முடியாது. நீண்ட நிகழ்ச்சிகளில் நாங்கள் இரண்டு பேர் போய் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம். கைவலியைவிட மூளை சோர்ந்து வாக்கியங்களை விழுங்க ஆரம்பிப்பதுதான் காரணம்.

என் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. நான் பேசுவதற்கு முன்பே சைகை கற்றவன். எனக்கும் இரண்டு வருடப் படிப்பா? (தூத்துக்குடி)

காது கேளாதவர்களின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஐஎஸ்எல்ஆர்டிசி தனியாக ஒரு திறன் தேர்வு நடத்தியிருக்கிறது. அறிவிப்பு வருகிறதா என்று அவர்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். முடிந்தால் டிப்ளமோவும் படியுங்கள். வீட்டுச் சைகை சரளமாக இருக்கும், ‘ஒளிச்சேர்க்கை’க்கும் ‘நாடாளுமன்ற’த்துக்கும் வீட்டில் சைகை வந்திருக்காது. இன்னொன்று, அப்பாவுக்காக நீங்களே முடிவெடுத்துப் பேசிப் பழகியிருப்பீர்கள். வகுப்பில் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கும். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மகள் ஐந்தாம் வகுப்பு, சாதாரணப் பள்ளி. காதுக் கருவி போட்டும் வகுப்பில் எதுவும் புரியவில்லை. சைகை மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளியில் கேட்கலாமா மேடம்? (திண்டுக்கல்)

கேட்கலாம் அம்மா, ஆனால் அது இரண்டாவது வேலை. மொழியே தெரியாத குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளரால் பயனில்லை. எத்தனை தகுதி உள்ளவர் வந்து நின்றாலும் அவள் ஒரு புரியாத மொழிக்குப் பதில் இரண்டு புரியாத மொழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் அவளுக்குச் சைகை மொழி பேசும் காது கேளாத பெரியவர்களும் பிள்ளைகளும் பழக்கமாக வேண்டும். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தில் காது கேளாதோர் பள்ளி இருந்தால் ஒருநாள் அழைத்துப் போய் அவள் முகத்தைப் பாருங்கள், உங்களுக்கே நிறையத் தெரியவரும். சைகை கற்றால் பேச்சு வராது என்று யாராவது பயமுறுத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மொழி திடமாக இருந்தால்தான் அடுத்த மொழி அதன் மேல் ஏறும்.

இப்போதைக்கு வகுப்பு ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேச வேண்டாம், எழுதி முடித்துத் திரும்பிப் பேசட்டும். இதற்குச் செலவு இல்லை.

எனக்குக் காது கேட்காது. பள்ளியில் வேலை பார்க்க வழி உண்டா? (சேலம்)

உண்டு. இந்திய சைகை மொழி கற்பித்தல் டிப்ளமோ, சுருக்கமாக டிடிஐஎஸ்எல், காது கேளாதவர்களுக்காக மட்டுமே நடத்தப்படுகிறது. சைகை மொழி தெரிந்த மாற்றுத்திறனாளி ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 17ஆவது பிரிவே சொல்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் இந்திய சைகை மொழி இப்போது பத்தாம் வகுப்புப் பாடமாகவும் இருப்பதால் கற்பிப்பவர்கள் இன்னும் தேவைப்படுவார்கள்.

மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் போதுமா?

பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசப் போதும். வகுப்பறைக்குப் போதாது.

நான் ஒரு பள்ளித் தாளாளர். எங்கள் யாருக்கும் சைகை மொழி தெரியாது. விண்ணப்பிப்பவரை எப்படி எடைபோடுவது? (ஈரோடு)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே நன்றி சார். டிப்ளமோவும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் நேர்முகத்தில் காது கேளாத பெரியவர் ஒருவரைக் கட்டாயம் உட்கார வையுங்கள். உங்கள் இயற்பியல் ஆசிரியர் பத்து நிமிடம் பாடம் நடத்தட்டும், விண்ணப்பதாரர் மொழிபெயர்க்கட்டும். முடிந்ததும் என்ன புரிந்தது என்று அந்தப் பெரியவரை எழுதச் சொல்லுங்கள். பிறகு அவர் சைகையில் சொல்வதை விண்ணப்பதாரர் குரலில் சொல்லட்டும். பலர் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது பாதியில்தான், பிள்ளையின் கேள்வி ஆசிரியரை எட்டாமல் போவதும் இங்கேதான். வேலைக்கு எடுத்த பிறகு ஒவ்வொரு பாடத்தையும் நடத்துவதற்கு முந்தின நாளே அவர் கையில் கொடுங்கள்.

நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். மகனுக்குப் பள்ளியே மொழிபெயர்ப்பாளர் தந்திருக்கிறது. அவர் தகுதியை எப்படித் தெரிந்துகொள்வது?

அங்கே இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்கள் ‘ஈஐபிஏ’ என்ற தேர்வைக் கேட்கின்றன. பள்ளி மொழிபெயர்ப்பாளருக்கென்றே உருவானது, 5 வரை மதிப்பெண், மதிப்பிடும் குழுவில் காது கேளாதவரும் இருப்பார். பல இடங்களில் குறைந்தபட்சம் 3.5, சில இடங்களில் 4. குறைந்தபட்சத்தைத் தொட்டவர் வகுப்பில் நடப்பதை முழுவதும் கொண்டுசேர்ப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். மொழிபெயர்ப்புச் சேவை அங்கே சிறப்புக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. எனவே மகனுக்கென்று தனியாகப் போடும் கல்வித் திட்டத்துக்கான ஐஇபி கூட்டத்தில் அவர் மதிப்பெண் என்ன, அவர் வராத நாளில் யார் வருவார் என்ற இரண்டையும் தயங்காமல் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.