வாங்காத தபாலும் வந்து சேர்ந்த தபால்தான்

கேள்வி: தண்டையார்பேட்டையில் அம்மாவோடு இருக்கிறேன். வயது 44, திருமணம் ஆகவில்லை. மணலியில் ஒரு தொழிற்சாலையில் 17 வருடமாக பெர்மனன்ட் ஆபரேட்டர். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இப்போது படுத்த படுக்கை, மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அக்கா ஆவடியில் இருந்துகொண்டு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சூப்பர்வைசரிடம் போனில் சொல்லிவிட்டு 23 நாளாக வேலைக்குப் போகவில்லை. ராஜினாமா எழுதிக் கொடு என்கிறார்கள். கம்பெனியிலிருந்து வந்த தபாலை, மனசு சரியில்லாமல், வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன். என் சம்பள இழப்பை அக்காவிடம் கேட்க முடியுமா? வேலை நிலைக்குமா?

பதில்: அக்கா விஷயத்தை ஓரமாக வையுங்கள். பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு போட வேண்டியது அம்மா, அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர். அதில் கிடைப்பதும் அம்மாவின் பராமரிப்புச் செலவுதான், தமிழ்நாட்டில் மாதம் 10,000 ரூபாய்க்குள். உங்கள் சம்பள இழப்புக்கு அதில் இடமில்லை. கம்பெனிக்கு மனிதாபிமானம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம்; அதை வைத்து வழக்கு நடத்த முடியாது.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, போகிற போக்கில் எழுதிய அந்தத் தபால்தான்.

சரியான முகவரிக்கு வந்த தபாலை வாங்க மறுத்தால், அது உங்களுக்குக் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணைகளில் பொதுவாக 8 நாள் கணக்கு இருக்கும். அதற்கு மேல் தகவல் இல்லாமல் வராதவர் தானாகவே வேலையை விட்டதாகச் சொல்லிவிடுவார்கள். அப்படி விளக்கம் கேட்காமல் பெயரை நீக்க முடியாது என்று 1993-ல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை நீங்களே திருப்பி அனுப்பியிருந்தால், அந்தத் தீர்ப்பு உங்களுக்கு என்ன செய்யும்? அடுத்து நீங்கள் இல்லாமலே உள்விசாரணை, அப்புறம் டிஸ்மிஸ்.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் இதே கதையோடு என்னிடம் வந்தார். வழக்கில் கம்பெனி தாக்கல் செய்த கவரின் மேல் தபால்காரர் நீல மையில் 'வாங்க மறுத்தார்' என்று எழுதியிருந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது மூன்றே வரி: இத்தனை நாளுக்குள் வந்து வேலையில் சேரவும். அவர் மறுத்தது அதைத்தான். என்னிடம் வாதாட ஒன்றும் மிச்சமில்லை. சூப்பர்வைசரிடம் போனில் சொன்னதையும் நம்ப வேண்டாம். சாட்சிக்கூண்டில் ஏறினால் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

இன்னொரு பள்ளம், ஈ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் விடுப்புச் சீட்டு. அது உங்களுக்கு நோய் வந்தால் மட்டும். அம்மாவைப் பார்க்க உங்களுக்கு முதுகுவலி என்று சீட்டு வாங்கினால், வெறும் ஆப்சென்ட் மோசடியாகிவிடும்.

நாளைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் கம்பெனிக்கு எழுதுங்கள். அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி நகலை இணைத்து, சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள், வேலைக்கு வரும் தேதியைச் சொல்லுங்கள், திரும்பிப்போன கடிதத்தின் நகலையும் கேளுங்கள். ராஜினாமா எழுத வேண்டாம். 'குடும்பச் சூழ்நிலை' என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மிரட்டி வாங்கினார்கள் என்றால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

கடைசியாக ஒன்று. நைட் ஷிஃப்ட்டில் அம்மாவை யார் பார்ப்பது என்பதற்குப் பதில் இல்லையென்றால் சண்டை வேண்டாம், பேசி முடியுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 18,200 என்றால் 17 வருடத்துக்குக் கிராஜுவிட்டி மட்டும் 1,78,500 ரூபாய். அது நீங்களே விலகினாலும் வரவேண்டிய பணம், வேலைக்கு வராததற்கெல்லாம் அதைப் பிடிக்க முடியாது. ராஜினாமாவுக்கு விலையாக அதையே காட்டினால் ஏமாறாதீர்கள். அதற்கு மேல் எவ்வளவு என்று கேளுங்கள். தொகையும் தேதியும் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.