ரங்கூனிலிருந்து வந்த வெண்கல டிராகன்: எந்த ஊர், எத்தனை வயது?

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "1960களில் தாத்தா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த டிராகன் பொம்மை வீட்டில் இருக்கிறது. ஒரு சாண் நீளம், 1,310 கிராம். அடியில் சதுரக் கட்டத்துக்குள் ஆறு சீன எழுத்துகள். பார்த்த ஒருவர் மிங் காலத்துப் பொருள், 600 வருஷம் பழசு என்கிறார். நிஜமா? புளி போட்டுத் துலக்கலாமா?"

புளி வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, பீதாம்பரி, சாம்பல் எதுவும் கூடாது. வயதுக்குச் சாட்சி உலோகத்தின் மேல் காலப்போக்கில் படிந்த களிம்புதான். ஒருமுறை துலக்கிவிட்டால் போனது போனதுதான். விலையும் அதோடு இறங்கிவிடும்.

சதுரக் கட்டத்தில் ஆறு எழுத்து என்றால், பெரும்பாலும் அது சீனாவை ஆண்ட மிங் வம்சத்து சுவாந்தே பேரரசரின் முத்திரை. அவர் ஆண்டது 1425 முதல் 1435 வரை. ஆனால் அவர் பெயரைப் பிற்கால வார்ப்புக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் போட்டு வந்திருக்கிறார்கள், இன்றும் போடுகிறார்கள். முத்திரையை மட்டும் நம்பி 600 வருஷம் என்று யாரும் சொல்லக்கூடாது.

ஊரை ஊகிக்கக் கால் விரல்களை எண்ணுங்கள். மூன்று என்றால் பெரும்பாலும் ஜப்பான். நான்கோ ஐந்தோ என்றால் சீனா பக்கம். ஐந்து விரல் ஒரு காலத்தில் அரண்மனைக்கு உரியது. 1912இல் முடியாட்சி போனபிறகு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால் ஐந்து விரலை வைத்து அரண்மனைப் பொருள் என்று முடிவு கட்டாதீர்கள். பர்மிய நாகத்துக்குக் கால் கிடையாது. உங்கள் பொம்மைக்கு நான்கு காலும் மான்கொம்பும் இருந்தால், ரங்கூனில் வாங்கியது என்றாலும் வார்த்தது பெரும்பாலும் வேறு ஊர். அங்கே சீன வியாபாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். தும்பிக்கை இருந்தால் அது டிராகனே அல்ல, மகரமோ யாளியோ.

ஜப்பானில் 1876இல் வாள் தரிக்கத் தடை வந்ததும் வாள் அலங்கார வேலை செய்த கைவினைஞர்கள் பலர் ஏற்றுமதிப் பொம்மைகளுக்கு மாறினார்கள். அந்த வேலையில் செதில் ஒவ்வொன்றையும் உளியால் தீட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் "சைனா" அல்லது "ஜப்பான்" என்று பொறித்திருந்தால் அநேகமாக 1891க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் அமலுக்கு வந்தது அப்போதுதான்.

வயது தெரிய, பொம்மையைக் கவிழ்த்துப் பாருங்கள். சௌகார்பேட்டை நகைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸும் டார்ச்சும் போதும். ஒரே சீராக வட்டமடிக்கும் கோடுகள் தெரிந்தால் மின்சார கிரைண்டர் பட்டிருக்கிறது. பழைய வேலையில் அரம் போட்ட கீறல் கோணல்மாணலாக இருக்கும். தேய்மானம் மூக்கு, கொம்பு நுனி, முதுகு, பீடத்தின் ஓரம் என்று கை படுகிற, மேசையில் உரசுகிற இடங்களில்தான் வரவேண்டும். செதில் இடுக்கிலும் அதே பளபளப்பு இருந்தால் வேண்டுமென்றே தேய்த்திருக்கிறார்கள். பீடத்துக்கு அடியில் ஒரு துவரம்பருப்பு அளவு இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பச்சை நிறம் பஞ்சில் ஒட்டினால் அது பூசிய சாயம். லேசான பழுப்பு மட்டும் வந்தால் கவலை வேண்டாம், மெழுகோ அரக்கோ பூசும் வழக்கம் முன்பே உண்டு. இயற்கையான களிம்பு கெட்டியாக ஒட்டியிருக்கும். அதற்கு அடியில் பல இடங்களில் சிவந்த படலம் தெரியும்.

உலோகத்தையும் சோதிக்கலாம். சமையலறைத் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பொம்மையை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் அதன் கன அளவு. எடையை அதனால் வகுத்தால் வருவது அடர்த்தி. 152 காட்டினால், 1,310 ÷ 152 = 8.6. வெண்கலம் 8.7ஐ ஒட்டி வரும், பித்தளை 8.5, இரண்டும் நெருக்கம் என்பதால் இதை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது. 7 என்றால் துத்தநாகம், 2 அளவில் என்றால் பிசினில் உலோகப்பொடி கலந்த போலி. உள்ளே காற்று அடைபட்டிருந்தால் கணக்கு குறைத்துக் காட்டும். வயிற்றுக்குள் வார்ப்பு மண் (வார்க்கும்போது உள்ளே வைத்த மண்) தெரிந்தால் தண்ணீரில் போடவே கூடாது.

அந்த மண் மிக முக்கியம். வார்க்கும்போது சுட்ட மண் என்பதால், வெப்பஒளிர்வுச் சோதனையில் (சூடாக்கும்போது மண் விடும் ஒளியை ஆய்வகத்தில் அளப்பது) அதன் வயது தெரியும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முன்பின் இருக்கலாம். அதற்கு முன் எக்ஸ்ரே எடுத்தால் முடிவு கெட்டுவிடும். செலவு அதிகம், மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் மட்டும் யோசியுங்கள்.

எங்கள் கணிப்பு: இந்த முத்திரை, இந்த அளவு, ரங்கூன் வழி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் சீனாவில் வார்த்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் கடற்காற்றில் உப்பு உண்டு. குழிகளில் வெளிர்பச்சை மாவு திரும்பத் திரும்பப் பூத்தால் அது குளோரைடு அரிப்பு. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

100 வயது தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உலோகச் சிற்பமாக இருந்தால் பதிவு செய்யவேண்டும்; தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யமுடியாது. அவ்வளவு வயது ஆகாதது என்று சான்றிதழ் வேண்டுமானால் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பகுதி, முத்திரை நான்கையும் அளவுகோலோடு படமெடுத்துக்கொண்டு போங்கள்.