வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்துக்குக் கையால் வரைந்த நகல் வாங்கலாமா, பிரிண்ட் போதுமா?

கையால் வரைந்ததையே வாங்குங்கள். ஆனால் பெயின்ட் தடிமனாக மேலெழுந்து நிற்கிற நகலாக இருக்க வேண்டும். தட்டையாகப் பூசிய நகலைவிட நல்ல பிரிண்ட் எவ்வளவோ மேல். ஆயில் பெயின்டில் நகல் வரைவதுதான் என் தொழில். இந்தப் படத்தைப் பலமுறை வரைந்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எந்தச் சூரியகாந்தி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பலர் ஒரே ஒரு படம்தான் இருப்பதாக நினைத்து ஆர்டர் கொடுக்கிறார்கள். 1888 ஆகஸ்டில், தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரத்தில், தன்னோடு தங்க வரவிருந்த ஓவியர் பால் கோகனுக்காக வீட்டை அலங்கரிக்க நினைத்த வான்கோ வரிசையாக நான்கு படங்கள் வரைந்தார். நீலப்பச்சைப் பின்னணி கொண்டது இப்போது மியூனிக்கில் இருக்கிறது. மஞ்சள்மேல் மஞ்சளாக வரைந்தது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில். மூன்று பூக்கள் மட்டும் உள்ள ஒன்று தனியாரிடம். இன்னொன்று 1945 ஆகஸ்டில் ஜப்பானின் ஆஷியா நகரில் அமெரிக்கக் குண்டுவீச்சில் எரிந்துபோனது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். கோகனுக்கு அந்த மஞ்சள் படம் மிகவும் பிடித்துப்போனது, தனக்கு வேண்டும் என்று கேட்டு எழுதினார். மூலத்தைக் கொடுக்க வான்கோவுக்கு மனம் வரவில்லை. 1889 ஜனவரியில், காதை வெட்டிக்கொண்டு மருத்துவமனையில் இருந்து திரும்பிய சில வாரங்களிலேயே, அந்தப் படங்களை மறுபடி வரைய உட்கார்ந்தார். ஜனவரிக் குளிரில் சூரியகாந்தி ஏது? தன்னுடைய படங்களையே முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தார். இன்று ஆம்ஸ்டர்டாமிலும் பிலடெல்பியாவிலும் இருப்பவை அப்படி வந்தவை. டோக்கியோவில் உள்ளதும் மறுபிரதிதான். கோகன் ஆர்லில் வாங்கிய முரட்டுச் சணல் துணியில் வரைந்தது அது. ஆக, “நகல்தானே” என்று யாராவது இளப்பமாகச் சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வான்கோ தன் படத்தைத் தானே பார்த்து வரைந்தபோதும் தீற்றல்களை அச்சடித்த மாதிரி திரும்பப் போடவில்லை. நிறத்தைக் கொஞ்சம் மாற்றினார், சில இடங்களில் கோடுகளை உறுதியாக்கினார், ஆம்ஸ்டர்டாம் படத்துக்கு மேல்பக்கம் இடம் போதாமல் ஒரு மெல்லிய மரத்துண்டைச் சேர்த்து நீட்டினார்.

இதனால்தான் நகலின் தரம் கோட்டோவியத்தில் இல்லை என்கிறேன். பூவின் வடிவத்தை யாரும் படியெடுத்துவிடலாம். விதைப்பகுதியில் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகக் குத்திக் குத்தி ஏற்றிய பெயின்ட், இதழுக்கு ஒரே இழுப்பில் போன பிரஷ், பின்னணியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தீற்றல், இவை இல்லாவிட்டால் சுவரில் வெறும் மஞ்சள் பூக்கள்தான் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அந்த மேடுகள் நிழல் போடும். சாதாரண பிரிண்ட் அதைத் தராது.

சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் டாஃபென் என்று ஒரு ஓவியக் கிராமம் உண்டு. 1989இல் ஹாங்காங் வியாபாரி ஹுவாங் ஜியாங் அங்கே தொடங்கிவைத்த தொழில் உலகமெங்கும் நகல்களை அனுப்புமளவுக்கு வளர்ந்தது. பல கான்வாஸ்களை வரிசையாக மாட்டி, ஒருவர் பின்னணி, இன்னொருவர் பூ என்று பிரித்து வரைவதும் உண்டு. அங்கிருந்து வருவதெல்லாம் மட்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜாவ் சியாவ்யோங் என்பவர் ஏறக்குறைய இருபது வருடம் புகைப்படங்களைப் பார்த்தே வான்கோவை வரைந்துவிட்டு, பிறகுதான் ஆம்ஸ்டர்டாம் போய் மூலங்களை நேரில் பார்த்தார். நிறம் தான் வரைந்ததுபோல இல்லையே என்று அங்கே நின்றார். கைப்பழக்கத்தில் குறை இல்லை. பார்க்க வாய்ப்பில்லாமல் போனதுதான் குறை.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வான்கோ பயன்படுத்திய குரோம் மஞ்சள் ஈயம் கலந்த நிறமி. அதில் வெளிர் வகை, வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். அவருடைய சில சிவப்புகளும் மங்கிவிட்டன. எனவே நாம் இன்று பார்க்கும் மஞ்சள் 1888இன் மஞ்சள் கிடையாது. நான் இன்றைய நிறத்தையே வரைகிறேன். அன்று எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வரைந்தால் அது என் படமாகிவிடும். மலிவு நகல்களில் நான் அடிக்கடி பார்ப்பது, ட்யூபில் இருந்து எடுத்த மஞ்சளை அப்படியே எங்கும் அப்பியிருப்பது. தண்டிலும் இலையிலும் உள்ள பச்சைகளும், மேசை விளிம்பில் ஓடும் மெல்லிய நீலக்கோடும் சரியாக அமைந்தால்தான் அந்த மஞ்சள் எரியும்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? கான்வாஸில் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் நிறமில்லாத ஜெல்லை பிரஷால் தடவி “கையால் வரைந்தது” என்று விற்கிறார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான நகலில் மேடும் நிறமும் சேர்ந்தே திரும்பும். ஜெல் பூசியதில் மேடு ஒரு பக்கம் போகும், இதழ் வேறு பக்கம் போகும். அளவையும் கேளுங்கள். லண்டன் படம் ஏறத்தாழ 92க்கு 73 சென்டிமீட்டர். சுவருக்குத் தகுந்தபடி சின்னதாக்கலாம், ஆனால் அந்த விகிதத்தை மாற்றினால் ஜாடி சப்பிப்போகும். ஜாடியில் உள்ள “வின்சென்ட்” கையெழுத்தை அப்படியே போடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பின்பக்கத்தில் நகல் என்று எழுதி வரைந்தவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். வான்கோ இறந்தது 1890இல், காப்புரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. மூலம் என்று சொல்லி விற்றால்தான் குற்றம்.

அவசரப்படுத்தாதீர்கள். தடிமனான ஆயில் பெயின்ட் மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்பினால் வெடிப்பு விழும். முடிந்தால் சட்டத்தில் இழுத்துக் கட்டியபடியே வாங்குங்கள். வார்னிஷ் அடிப்பதற்கும் ஆறு மாதமாவது போகட்டும், அதை யார் அடித்துத் தருவது என்று பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.