அப்பா சேர்த்த ஆயிரம் சிடி: எங்கே தொடங்குவது?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பழைய படம் என்றால் உயிர். விசிடி வந்த காலத்திலிருந்து அவர் வாங்கிச் சேர்த்தது ஆயிரத்தைத் தொடும். இரண்டு பீரோ நிறைந்து, கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகளிலும் கிடக்கிறது. ஒரு படத்தைத் தேடி எடுப்பதற்குள் பார்க்கிற ஆசையே போய்விடுகிறது. இருப்பது தெரியாமல் அதே படத்தை மறுபடி வாங்கியும் இருக்கிறார். அகர வரிசையில் அடுக்கத் தொடங்கி 'அ'வைத் தாண்டவில்லை. மொபைல் செயலியில் பார்கோடு ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. தம்பியோ, "எல்லாம் யூடியூபில் இருக்கு, எடைக்குப் போடு" என்கிறான். என்ன செய்யட்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அகர வரிசையை விட்டுவிடுங்கள். நாளைக்கு அப்பா 'இ'யில் ஒரு படம் வாங்கி வந்தால், அதற்கு இடம்விட ஒரு பீரோவையே நகர்த்த வேண்டியிருக்கும். சிடிகள் இப்போது எங்கே இருக்கின்றனவோ அங்கேயே இருக்கட்டும். கைக்கு வருகிற வரிசையில் 1, 2, 3 என்று எண் மட்டும் போடுங்கள். நூலகங்களில் புத்தகம் வந்து சேர்கிற வரிசைப்படி எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அதே முறைதான். தேடுகிற வேலையைப் பட்டியல் பார்த்துக்கொள்ளும். புதிதாக வருவது கடைசி எண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும்.

செயலியில் வராதது உங்கள் தவறில்லை. அவை பெரும்பாலும் ஆங்கிலப் பட டிவிடிகளை மனதில் வைத்துச் செய்தவை. தமிழ் விசிடிகளின் பார்கோடு அவற்றில் ஏறியிருப்பது அபூர்வம். கூகுள் ஷீட்டோ எக்செல்லோ போதும்.

இனி, பலரும் பாதியில் கைவிடுகிற இடத்துக்கு வருகிறேன். நம் ஊர்ச் சேகரிப்பில் ஒரு சிடி என்பது ஒரு படம் ஆகாது. விசிடி ஒன்றில் 74 முதல் 80 நிமிடம்தான் பிடிக்கும். அதனால் ஒரு படம் இரண்டு தட்டாகவும், நீளமான படம் மூன்று தட்டாகவும் வரும். டிவிடி வந்த பிறகு நிலைமை தலைகீழ். ஒரே தட்டில் 'மூன்று படங்கள்' என்று போட்டு விற்றார்கள். தட்டுக்கு ஒரு வரி என்று தொடங்கினால் விசிடியில் குழம்பும், கவருக்கு ஒரு வரி என்றால் டிவிடியில் குழம்பும். எண் கவருக்கு, வரி படத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 214-ஆம் கவரில் மூன்று விசிடி இருந்தால் தட்டுகளில் 214-1, 214-2, 214-3 என்று எழுதுங்கள். பட்டியலில் அதற்கு ஒரே வரிதான். 305-ஆம் டிவிடியில் மூன்று படம் இருந்தால் மூன்று வரி, மூன்றிலும் எண் 305. இதை முதல் நாளே முடிவு செய்துவிட்டால் ஆயிரம் வரை தடையில்லாமல் போகலாம்.

தட்டின் மேல் எழுதும்போது கவனம் வேண்டும். விசிடியில் படம் பதிந்திருக்கிற பூச்சு, லேபிள் பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திப் பார்ப்போம். உண்மையில் மேல்பக்கம் பட்ட கீறல்தான் ஆபத்து. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே சேதமாகலாம். டிவிடியில் அந்தப் பூச்சு இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் இருப்பதால் இந்தக் கவலை குறைவு. எதுவானாலும் மென்முனை சிடி மார்க்கரால், நடுத்துளையை ஒட்டிய கண்ணாடி போன்ற வளையத்தில் மட்டும் எழுதுங்கள். தட்டின் மேல் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். சுற்றும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும், பசை உருகினால் பிளேயரும் கெடும். ஸ்டிக்கரைக் கவரின் முதுகில் ஒட்டுங்கள்.

படத்தின் பெயரைத் தமிழிலேயே ஏற்றுங்கள். கவரில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிறகு எதைத் தட்டித் தேடுவது என்று தெரியாது. அப்பா கவரைப் பார்த்துப் படிக்க, நீங்கள் மொபைலில் குரல் தட்டச்சில் சொல்லிக்கொண்டே போகலாம். ஆண்டையும் விடாமல் போடுங்கள். 'பில்லா' 1980-லும் உண்டு, 2007-லும் உண்டு. 'பொல்லாதவன்' அதே இரண்டு ஆண்டுகளில். 'மாப்பிள்ளை' 1989, 2011. ஆண்டு இல்லாவிட்டால் அப்பா கேட்டது ஒன்று, நீங்கள் எடுத்துப் போட்டது வேறு என்றாகிவிடும்.

கவரில் அச்சிட்ட ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். பல சமயம் அது டிவிடி வெளியான ஆண்டாக இருக்கும். தட்டைப் போட்டு, தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழில் நிறுத்திப் பாருங்கள். தேதி இருக்கும், படத்தின் நீளம் பெரும்பாலும் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் படச்சுருள் நிமிடத்துக்குச் சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் என்றால் ஏறக்குறைய 146 நிமிடம். உங்கள் விசிடி இரண்டு மணி நேரத்திலேயே முடிந்துவிட்டால், பாட்டையோ நகைச்சுவைக் காட்சியையோ வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பட்டியலில் குறித்துவையுங்கள். ஆனால் 140 நிமிடம் ஓடினால் பதற வேண்டாம். தியேட்டரில் நொடிக்கு 24 பிரேம் ஓடுகிற படம், நம் ஊர் டிவிக்கான 'பால்' (PAL) முறை டிவிடியில் 25 பிரேமாக ஓடும். அந்த ஆறு நிமிடம் வேகத்தில் போனது, கத்தரியில் போனதில்லை.

சான்றிதழையே வெட்டிய தட்டுகளும் உண்டு. அப்போது ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த விவரங்களைப் பாருங்கள். தமிழ்ப் படங்களின் தகவல்களையும் புகைப்படங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர் அவர். 2016-ல் காலமானார். நமக்கு இன்று ஒரு பழைய படத்தின் ஆண்டும் கலைஞர் பெயரும் கிடைக்கிறது என்றால், அதில் அவர் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம், பட்டியலில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி (column) வையுங்கள். எண், படம், ஆண்டு, விசிடியா டிவிடியா, எந்தப் பீரோ, ஓடுகிறதா என்பதையெல்லாம் இன்னும் பத்து வருடம் கழித்துக்கூட யாராலும் நிரப்ப முடியும். இதை அப்பாவால் மட்டும்தான் முடியும். எந்தக் கடையில் வாங்கினார், முதலில் எந்தத் தியேட்டரில் யாரோடு பார்த்தார், இரண்டு பிரதி இருந்தால் எதில் பிரின்ட் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்கிறபடியே, அவர் வார்த்தையிலேயே ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு இருபது கவருக்கு மேல் போகாதீர்கள். வேகம் கூடினால் முதலில் விடுபடுவது இந்தப் பத்தியாகத்தான் இருக்கும்.

இரட்டைப் பிரதிகளுக்காக அப்பாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொடுத்தபோது, படம் பிடித்தவர்கள் எல்லோரும் கைநிறைய வாங்கினார்கள். 2018-ல் அந்த நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்தப் பதிப்புகள் இனி அச்சாகப் போவதில்லை. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். யூடியூபிலோ ஓடிடியிலோ இருக்கிற படம், உரிமை கைமாறினால் ஒரே இரவில் காணாமல் போகும். பீரோவில் இருப்பது போகாது. இரண்டு பிரதி இருந்து ஒன்று திக்கித் திக்கி ஓடினால், அதைத் தாராளமாகக் கழிக்கலாம்.

எண் போடுவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனியில் அச்சடித்தது அடியில் வெள்ளியாக மின்னும். கணினியில் பதிந்தது நீலமாக, ஊதாவாக, அல்லது லேசான பச்சையாக இருக்கும். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாண வீடியோ எல்லாம் இந்த இரண்டாம் வகைதான். அவை சாயத்தில் பதிவானவை. வெயிலும் சூடும் பட்டுச் சாயம் மங்கினால் படமும் போய்விடும், அதற்கு வேறு பிரதி உலகத்திலேயே கிடையாது. முதலில் இவற்றைத் தனியே எடுத்துக் காப்பி செய்யுங்கள். டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) என்ற ஃபோல்டரை முழுதாக. விசிடி என்றால் 'எம்பெக் ஏவி' (MPEGAV) ஃபோல்டரில் .DAT என்று முடியும் ஃபைல்களை. விஎல்சி பிளேயரில் அவை ஓடும். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் கடையில் கிடைக்கும். ஒரு பிரதியை உங்கள் ஹார்ட் டிஸ்கிலும் இன்னொன்றைத் தம்பி வீட்டிலும் வையுங்கள்.

அதே நீல அடியோடு, ஜெராக்ஸ் கவரில் சினிமாப் படமும் சில அகப்படலாம். அவை திருட்டு விசிடிகள். தமிழ்நாட்டில் 2004-ல் இதைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அவற்றைப் பட்டியலில் ஏற்றாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், உடைத்துப் போட்டுவிடுங்கள். அப்பாவுக்கு அந்தப் படம் வேண்டுமென்றால் முறையான பதிப்பைத் தேடி வாங்கிக் கொடுங்கள்.

கட்டிலுக்கு அடியில் இருப்பவற்றை, தரை ஈரம் ஏறுவதற்குள் பீரோவுக்கு மாற்றுங்கள். படுக்கவைத்து அடுக்காமல் நிற்க வையுங்கள். துடைக்க நேர்ந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள், வட்டமாகச் சுற்றித் தேய்க்காதீர்கள்.

பட்டியல் முடிந்ததும் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, படத்தின் பெயர்ப்படி ஒன்றும் எண்படி ஒன்றுமாக ஸ்பைரல் பைண்டிங் போட்டு அப்பா கையில் கொடுங்கள். கடைசியில் 'இரவல்' என்று சில பக்கம் காலியாக விடுங்கள். யார் எந்த எண்ணை எடுத்துப் போனார்கள், எப்போது என்று அவரே எழுதிக்கொள்ளட்டும்.