பழைய வீட்டு கிச்சன்ல டிஷ்வாஷரும் டிஸ்போசரும் நாமளே மாட்டலாமா?

வீடு கட்டி நாப்பது வருஷம் ஆச்சு, கிச்சன்ல புதுசா டிஷ்வாஷர் வாங்கப்போறோம், கூடவே சிங்க்குக்கு அடியில கார்பேஜ் டிஸ்போசரும் (சாப்பாட்டுக் கழிவை அரைச்சு டிரெயின்ல அனுப்புற மெஷின்) மாட்டணும், நாமளே செஞ்சுக்கலாமா, எதுல கவனமா இருக்கணும்னு கேட்டிருக்கீங்க. நான் ரெண்டையும் மாட்டினவன். கரண்ட் வேலைக்கும் சுவத்துக்குள்ள போற பைப் வேலைக்கும் ஆள் வச்சேன், மிச்சம் எல்லாம் நானே செஞ்சேன், அதுல ஒரு தடவ கிச்சன் ஃபுல்லா தண்ணி ஓடுனதும் என் கைங்கரியம்தான்.

மெஷினை ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கிட்டு சிங்க் அடியில அரைமணி நேரம் படுத்துப் பாருங்க. நான் இதைத் தலைகீழா செஞ்சேன், மொதல்ல வாங்கிட்டேன், அப்புறமாதான் குனிஞ்சு பாத்தேன், ரெண்டு பெட்டியும் மூணு வாரம் ஹால்ல கிடந்துச்சு, வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் அது மேலதான் பையை வைப்பாங்க.

மொதல்ல கரண்ட். டிஷ்வாஷர் உள்ள தண்ணிய சூடு பண்ற ஹீட்டர் இருக்கு, மாடலைப் பொறுத்து 1200ல இருந்து 2400 வாட்ஸ் வரைக்கும் இழுக்கும். பழைய வீடுகள்ல கிச்சனுக்கு ஒரே லைன்தான் போயிருக்கும், அதுலயே ஃப்ரிட்ஜ், மிக்ஸி, லைட்டு எல்லாம் ஓடும், அதுல இதையும் சொருகினா வயர் சூடாகும், அதனால போர்டுல இருந்து தனி எம்சிபியோட (கரண்ட் அதிகமானா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) தனி லைன் இழுத்துடுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். சாக்கெட் மெஷினுக்கு நேர் பின்னாடி வரக்கூடாது, பக்கத்து கப்போர்டுக்குள்ள இருக்கணும், அப்பதான் ஏதாவதுன்னா மெஷினை வெளிய இழுக்காம பிளக்கைப் புடுங்க முடியும்.

அதை விட முக்கியம் எர்த். மூணு ஓட்டை சாக்கெட் இருக்குன்னு நம்பிடாதீங்க. எங்க வீட்டுல இருந்துச்சு, கழட்டிப் பாத்தா பின்னாடி ரெண்டே வயர், யாரோ ஒரு புண்ணியவான் நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு வயர் எடுத்து எர்த் ஓட்டைக்குக் குடுத்து வச்சிருந்தாரு. இது எவ்வளவு ஆபத்துன்னா, எங்கயாவது அந்த நியூட்ரல் கழண்டா மெஷினோட இரும்பு பாடி முழுக்க கரண்ட் வந்து நிக்கும், நாம ஈரக்கையோட கதவைத் திறப்போம். மீட்டர் வச்சுப் பாத்தாலும் ஏமாந்துடுவீங்க, எர்த் ஓட்டையே நியூட்ரல்தானே, வோல்டேஜ் ஒழுங்காத்தான் காட்டும். லீக் ஆகுற கரண்டும் அதே நியூட்ரல் வழியா திரும்பிப் போயிடுறதால ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா கட் பண்ற சுவிட்ச்) மாட்டியிருந்தாலும் அதுக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இருக்கும். மெயினை ஆஃப் பண்ணிட்டு சாக்கெட்டைக் கழட்டிக் கண்ணால பாத்தாதான் உண்டு. நல்ல எலக்ட்ரீசியன் வச்சு நிஜமான எர்த் இழுத்துட்டு, அதோட கூட 30 மில்லி ஆம்பியர்லயோ அதுக்குக் கம்மியாவோ ட்ரிப் ஆகுற ஆர்சிசிபியையும் போடுங்க.

அடுத்தது யாரும் சொல்லாத விஷயம், சுவத்துல இருக்கிற டிரெயின் பைப்போட உயரம். பழைய சிங்க் ஆழம் கம்மி, அதுக்கு ஏத்த மாதிரி சுவத்துல பைப்பை மேல வச்சிருப்பாங்க. டிஸ்போசர் சிங்க்குக்குக் கீழ தொங்குது, தண்ணி வெளிய வர்ற வாய் இன்னும் கீழ இருக்கு. அந்த வாய் சுவத்துப் பைப்பை விடக் கீழ போயிடுச்சுன்னா தண்ணி மேல ஏறித்தான் போகணும், ஏறாது, டிஸ்போசருக்குள்ளயே நின்னு நாறும். எனக்கு ரெண்டு இன்ச் கீழ இறங்கிருச்சு. எத்தனையோ எல்போ போட்டு வளைச்சு வளைச்சுப் பாத்தேன், கடைசில பிளம்பர் அண்ணன் வந்து ஒரு நிமிஷம் பாத்துட்டு "தண்ணிக்கு நீங்க சொன்னா கேக்குமா"ன்னுட்டு சுவத்தை உடைச்சுப் பைப்பை இறக்கினாரு. அதனால சிங்க் அடியில இருந்து சுவத்துப் பைப்போட நடு வரைக்கும் அளந்து வச்சுக்கிட்டு, வாங்கப்போற டிஸ்போசரோட மேனுவல்ல இருக்கிற அளவோட ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க. படுக்கையாப் போற பைப்புக்கு ஒரு அடிக்குக் கால் இன்ச் சரிவு இருக்கணும்.

அங்க படுத்திருக்கும்போதே ட்ராப் (சாக்கடை வாடை வராம கொஞ்சம் தண்ணிய நிறுத்தி வைக்கிற வளைஞ்ச பைப்) எந்த மாதிரின்னும் பாத்துடுங்க. வளைஞ்சு சுவத்துக்குள்ள போனா நல்லது. வளைஞ்சு திரும்ப நேரா தரைக்குள்ள இறங்குற பழைய மாடலா இருந்தா, டிஷ்வாஷர் ஒரே மூச்சுல தண்ணியத் தள்ளும்போது ட்ராப்ல நிக்க வேண்டிய தண்ணியையும் சேத்து உறிஞ்சிட்டுப் போயிடும், அப்புறம் சாக்கடை வாடை கிச்சனுக்குள்ள வரும். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்னா உள்ள துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிஞ்சு விரல் நுழையுற அளவுக்குத்தான் வழி இருக்கும், அதுல அரைச்ச கழிவை அனுப்பினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பழைய சாக்கடை தாங்காதுன்னு பயந்து நியூயார்க் நகரத்துலயே பெரும்பாலான இடத்துல 1997 வரைக்கும் டிஸ்போசருக்குத் தடை இருந்துச்சு. உங்களுது செப்டிக் டேங்க்னா நான் டிஸ்போசரே வேண்டாம்னுதான் சொல்வேன், டேங்க் சீக்கிரம் ரொம்பும்.

இப்ப வெள்ளக் கதை. டிஷ்வாஷரோட டிரெயின் ஹோஸைச் சொருக டிஸ்போசர் பக்கவாட்டுல ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும், புது டிஸ்போசர்ல அது உள்ள ஒரு மூடியால அடைச்சே வரும். டிஷ்வாஷர் இல்லாதவங்க அப்படியே விட்டுடலாம், இருக்கிறவங்க மாட்டுறதுக்கு முன்னாடியே ஸ்க்ரூடிரைவர் வச்சுத் தட்டி அதை உடைச்சு, உள்ள விழுந்த துண்டை இடுக்கியால எடுத்துடணும். நான் மேனுவலைப் படிக்காம ஹோஸை அது மேலயே மாட்டி கிளாம்பும் போட்டுட்டேன். மோட்டார் ம்ம்ம்னு உறுமுது, தண்ணி போக வழியில்லாம நிக்குது, நான் மெஷின்தான் பழுதுன்னு கம்பெனிக்காரங்களுக்கு ஃபோன் போட்டுட்டு இருக்கேன், பின்னாடி ஹோஸ் பிச்சுக்கிட்டு வந்துருச்சு. தப்பு என் மேலதான்.

அந்த ஹோஸை நேரா கீழயே கொண்டுபோய் மாட்டக்கூடாது, கவுன்டர் பலகைக்கு அடியில தொடுற உயரத்துக்குத் தூக்கிக் கட்டிட்டு அப்புறம் கீழ இறக்கணும். சிங்க் அடைச்சுக்கிட்டா அந்த அழுக்குத் தண்ணி கழுவின பாத்திரத்து மேல திரும்பி வராம இருக்கத்தான் இது. சில ஊர் விதிப்படி சிங்க் மேல தனியா ஏர் கேப்னு ஒண்ணும் (அழுக்குத் தண்ணி திரும்பி வராம நடுவுல காத்து இடைவெளி விடுறது) வைக்கணும், கேட்டுக்கோங்க.

தண்ணி வர்ற பக்கம், பழைய வால்வு இறுகிப்போயிருந்தா முறுக்கிக்கிட்டு நிக்காதீங்க, கையோட வந்துரும். மெயின் வால்வை மூடிட்டு புதுசா மாட்டிடுங்க. ஹோஸை இணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணியத் திறந்து விடுங்க, அசைஞ்ச துரு எல்லாம் வெளிய வந்துரும், இல்லேன்னா மெஷினோட ஃபில்டர்ல போய் உக்காந்துக்கும். டெஃப்லான் டேப் எல்லா இடத்துக்கும் இல்ல, உள்ள ரப்பர் வாஷர் இருக்கிற நட்டுக்கு டேப் சுத்தினா அதுவே சரியா உக்கார விடாம ஒழுகும். சுடுதண்ணி லைனா பச்சைத்தண்ணி லைனாங்கிறது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல்ல பாருங்க.

டிஸ்போசர் கனம், ஓடும்போது அதிரும். பழைய மெல்லிசு சிங்க்கா இருந்தா அடிப்பக்கத்தை அமுக்கிப் பாருங்க, வளைஞ்சு குடுத்தா சிங்க்கையும் சேத்து மாத்துங்க. மாட்டும்போது கீழ ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்கார வச்சுட்டு வளையத்தைத் திருப்புங்க, ஒத்தக் கையில தூக்கிப் பிடிச்சா தோள்பட்டை போயிடும். உள்ள பிளேடு இருக்குன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, கிடையாது, சுத்துற தட்டு கழிவைத் தூக்கி ஓரத்துல இருக்கிற வளையத்துல அடிச்சு அரைக்குது, ஆனா விரலுக்கு அந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது. ஏதாவது சிக்கினா எம்சிபியை ஆஃப் பண்ணிட்டு இடுக்கியால எடுங்க. நிறைய மாடல்ல அடியில ஆலன் கீ (ஆறு பட்டைச் சாவி) போட்டுத் திருப்ப ஓட்டை இருக்கும், பக்கத்துலயே சிவப்பு ரீசெட் பட்டன் இருக்கும். சுவிட்ச்சுக்கு ஏர் சுவிட்ச் போட்டுக்கோங்க, பட்டனுக்குள்ள கரண்டே இல்ல, காத்துதான் போய் அமுக்குது, ஈரக்கைக்கு அதுதான் சரி.

டிஷ்வாஷரை உள்ள தள்ளிட்டு கவுன்டர்லயோ பக்கத்துப் பலகையிலயோ ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வைங்க, இல்லேன்னா கதவைத் திறந்து நிறைஞ்ச ட்ரேயை இழுத்த உடனே மெஷினே முன்னாடி சாயும்.

மொத தடவ பாத்திரம் இல்லாம ஓட்டுங்க, எல்லா ஜாயின்ட்லயும் டிஷ்யூ பேப்பரை ஒத்திப் பாருங்க, நனைஞ்சா தெரிஞ்சுரும். கீழ முன்பக்கம் மூடுற பலகையை ஒரு வாரத்துக்கு மாட்டாதீங்க, தினம் டார்ச் அடிச்சுப் பாருங்க. எனக்கு மூணு நாள் எல்லாம் காஞ்சே இருந்துச்சு, நாலாவது நாள்தான் எல்போ அடியில ஒரு சொட்டு நின்னுச்சு, நட்டைக் கால் சுத்து இறுக்கினேன், அப்புறம் வரல.