சொம்பு ஏன் தட்டையாகத் தெரிகிறது?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். வயது 38. ஆறு மாதமாக மதியம் கிடைக்கிற நேரத்தில் பென்சிலில் படம் வரைகிறேன். உருவம் ஓரளவு சரியாக வந்துவிடுகிறது. ஷேடிங் செய்ய ஆரம்பித்ததும் படம் கெட்டுப்போகிறது. பித்தளைச் சொம்பு வரைந்தால் அழுக்குப் படிந்த தட்டு மாதிரி இருக்கிறது. ஏற்காடு மலையை வரைந்தேன், சுவர் மாதிரி நிற்கிறது. 24 பென்சில் உள்ள செட் வாங்கச் சொல்கிறாள் என் மகள். பென்சில்தான் குறையா, இல்லை இந்த வயதில் இதெல்லாம் கைக்கு வராதா? இரண்டு படங்களையும் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு படங்களையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சொம்பின் கழுத்து வளைவை எவ்வளவு பொறுமையாகப் போட்டிருக்கிறீர்கள்! கையில் ஒரு குறையும் இல்லை. வயதைப் பற்றிய கவலையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

செட்டும் வேண்டாம். எச்பி, 2பி, 6பி மூன்றும் ஒவ்வொன்று இருந்தால் போதும். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. 1795-ல் கோன்ட்டே என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த முறை அது. களிமண் கூடினால் முனை கெட்டியாகி வெளிறிய கோடு விழும், கிராஃபைட் கூடினால் மெத்தென்று கருப்பாக விழும். பி-க்கு முன்னால் உள்ள எண் கூடக் கூட இந்தக் கருப்பும் கூடும். நீங்கள் இரண்டு படத்தையும் எச்பியிலேயே முடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எச்பியை எவ்வளவு அழுத்தினாலும் சாம்பல் நிறத்தைத் தாண்டாது, காகிதம்தான் பளபளக்கும். படம் முழுக்க ஒரே சாம்பலாக இருப்பதால்தான் அழுக்கு மாதிரித் தெரிகிறது.

ஆனால் முக்கியமான விஷயம் வேறு. ஜாக்கெட் துணிக்கு நூல் வாங்கப் போகும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? "மெரூன் நூல் கொடுங்கள்" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்களா? துண்டுத் துணியைக் கொண்டுபோவீர்கள். கட்டையிலிருந்து நூலை இரண்டு சுற்றுப் பிரித்துத் துணியின்மேலேயே போட்டுப் பார்ப்பீர்கள். டியூப் லைட்டில் ஒத்துப்போன நூல் வெயிலில் ஒத்துப்போகாது என்று வாசலுக்கு வந்தும் ஒருமுறை பார்ப்பீர்கள். ஷேடிங்கும் இந்த வேலைதான். பெயரை நம்பாமல், ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஊசி எடுத்தால் இதைச் செய்கிற நீங்கள் பென்சில் எடுத்தால் விட்டுவிடுகிறீர்கள்.

சொம்புப் படத்திலேயே அது தெரிகிறது. இரண்டு ஓரத்தையும் ஒரே அளவு தேய்த்திருக்கிறீர்கள். 'உருண்டையான சாமான், ஓரத்தில் நிழல் இருக்கும்' என்று மனசு சொன்னதைக் கை கேட்டிருக்கிறது. ஜன்னல் ஒரு பக்கம்தானே இருந்திருக்கும்? அப்படியென்றால் ஒரு ஓரம் வெளுத்தும் மற்றது கருத்தும் இருந்திருக்க வேண்டும்.

சொம்பை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். பளபளப்பான சாமானில் வெளிச்சம் விழுவதைவிட ஜன்னலும் சுவரும் உங்கள் முகமும்தான் அதிகம் தெரியும். ஆரம்பிக்கிறவருக்கு அது குழப்பம். ஒரு வெள்ளை முட்டை எடுங்கள். கோழி முட்டை போதும். முட்டை வேண்டாம் என்கிற வீடாக இருந்தால் அரிசி மாவைப் பிசைந்து ஒரு உருண்டை பிடித்துக் காயவையுங்கள். அடியில் வெள்ளைத் தாள். வெளிச்சம் ஒரே ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும், டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள்.

வடக்கு ஜன்னல்தான் நல்லது, அதில் வெயில் விழாது என்று ஓவியப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவில் எழுதியது. சேலத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நண்பகல் சூரியனே உச்சிக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள், வெளிச்சம் பரவலாக வரும். இல்லாவிட்டால் இரவில் ஒற்றை மேஜை விளக்கு.

இப்போது பென்சில் எடுக்காமல் ஐந்து நிமிஷம் முட்டையை மட்டும் பாருங்கள். கண்ணைப் பாதி மூடினாற்போலச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். ஜன்னல் பக்கம் வெள்ளை. அங்கிருந்து மெல்ல மெல்லச் சாம்பலாகிறது. முட்டையில் மிகக் கருத்த இடம் எது? மறுபக்க ஓரம் என்று நினைப்போம். அது ஓரத்தில் இல்லை, ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு பட்டையாக இருக்கிறது. அதைத் தாண்டி ஓரத்துக்குப் போகப் போக மறுபடி லேசாக வெளுக்கிறது. தாளில் விழுந்த வெளிச்சம் துள்ளி முட்டையின் அடிவயிற்றில் பட்டிருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கருப்புத் துணியை முட்டைக்கும் தாளுக்கும் நடுவில் மெதுவாக நுழையுங்கள். அந்த வெளுப்பு உங்கள் கண்ணெதிரே மங்கிப் போகும். சிவப்புத் துணி நுழைத்தால் முட்டையின் அடியில் சிவப்பு ஏறும். முதல் தடவை இதைப் பார்த்த நாள் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அன்று முழுக்க வீட்டில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தின் அடியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தத் துள்ளிய வெளிச்சத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எல்லோரும் அதை அதிகமாக வெளுக்க விட்டுவிடுவார்கள். அது நிழல் பக்கத்தைச் சேர்ந்தது. வெளிச்சப் பக்கத்துச் சாம்பல் எதையும்விட அது கருப்பாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம், முட்டை தாளைத் தொடுகிற இடத்தில் நூல் மாதிரி ஒரு கருப்பு இருக்கும். படத்திலேயே அதிகக் கருப்பு அதுதான். அதைப் போட்டால்தான் முட்டை தாளின்மேல் உட்காரும்.

வரையும்போது முதலில் இரண்டே பகுதியாகப் பிரியுங்கள், வெளிச்சம், நிழல். நிழல் பக்கம் முழுவதும், தாளில் விழுந்த நிழலையும் சேர்த்து, 2பியில் ஒரே சாம்பலாக நிரப்புங்கள். முட்டை எங்கே முடிகிறது, நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று இப்போது கவலைப்படாதீர்கள். இந்த இரண்டு பகுதியும் சரியாக விழுந்துவிட்டாலே பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு முட்டை தெரிந்துவிடும். நுணுக்கமெல்லாம் அதற்குப் பிறகு. விரலால் தேய்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், உங்கள் மலைப் படத்தில் விரல் ரேகையே தெரிகிறது. தோலின் எண்ணெய் காகிதத்தில் ஏறினால் அப்புறம் அந்த இடத்தில் பென்சில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நெருக்கமாகச் சின்னச் சின்னக் கோடுகளாகப் போட்டு, அதன்மேல் வேறு திசையில் இன்னொரு அடுக்கு போடுங்கள். தையல் ஓடுகிற கைக்கு அது தானாக வரும்.

மனசு மட்டுமில்லை, கண்ணும் நம்மை ஏமாற்றும், அதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஒரு அட்டையில் பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை போடுங்கள், இடையில் மூன்று விரல் அகலம் இருக்கட்டும். முட்டைக்குப் பக்கத்தில், வெளிச்சம் படுகிற இடத்தில் ஒரு சாம்பல் நிறத் துணியை வையுங்கள். ஒரு ஓட்டை வழியாக முட்டையின் நிழல் பக்கம், இன்னொன்றின் வழியாக அந்தத் துணி தெரிகிற மாதிரி அட்டையைப் பிடியுங்கள். எது கருப்பு? பெரும்பாலும் வெள்ளை முட்டைதான் துணியைவிடக் கருத்திருக்கும். அட்டையை எடுத்தவுடன் முட்டை மறுபடி வெள்ளையாகிவிடும்! அமெரிக்காவில் எட்வர்ட் அடெல்சன் என்ற பேராசிரியர் 1995-ல் ஒரு சதுரங்கப் பலகைப் படம் செய்தார். பலகைமேல் ஒரு உருளையின் நிழல் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் வெளியே இருக்கும் 'கருப்பு'க் கட்டமும் உண்மையில் ஒரே சாம்பல். தெரிந்துகொண்டு பார்த்தாலும் நம் கண் ஒத்துக்கொள்ளாது. பொருளின் நிறம் என்ன என்று கண்டுபிடிப்பதுதான் கண்ணுக்குப் பழக்கம். விழுகிற வெளிச்சத்தை அது கழித்துவிடும். நமக்கு வேண்டியதோ கழிக்காத கணக்கு. அதனால்தான் அட்டை, அதனால்தான் கண்ணைச் சுருக்குவது.

இதோடு ஒரு அளவுப் பட்டை செய்துகொள்ளுங்கள். உங்கள் இஞ்ச் டேப் மாதிரி இதுவும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டிய சாமான். ஒரு அங்குல அகலத்தில் ஐந்து கட்டம். முதல் கட்டம் வெறும் காகிதம். ஐந்தாவது 6பியால் முடிந்தவரை கருப்பு. பிறகு நடுக் கட்டம், இரண்டுக்கும் சரிபாதி. கடைசியாக இரண்டும் நான்கும். எல்லோருக்கும் நான்காவதில் கை நின்றுவிடும், கருப்பாக்கப் பயம். பயப்படாதீர்கள், காகிதம்தானே. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் ஓர் ஓட்டை போட்டுவிட்டால், பட்டையைப் படத்தின்மேல் நகர்த்தி இது இரண்டா மூன்றா என்று பார்த்துக்கொள்ளலாம். நூலைத் துணிமேல் போட்டுப் பார்ப்பது போலவேதான்.

ஒரு சந்தேகம் வரும். வெளியே வெயிலின் பிரகாசத்துக்குக் காகிதத்தின் வெள்ளை ஈடாகுமா? ஆகாது. உலகத்தின் வெளிச்சம் முழுவதையும் காகிதத்தில் கொண்டுவரவே முடியாது. பாடுகிறவர் ஆறு கட்டையில் பாடிய பாட்டை நீங்கள் உங்கள் குரலுக்குத் தாழ்த்திப் பாடினாலும் அதே பாட்டுதான், ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாதவரை. அதேபோல எது எதைவிட எவ்வளவு கருப்பு என்கிற வரிசை தப்பாமல் இருந்தால் போதும்.

நிறத்தையும் கருமையையும் பிரிக்கத் தெரிய வேண்டும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். 1935-ல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் எடுத்த படங்களில் பெரும்பாலானவை கருப்பு வெள்ளை. சிவப்புப் புடவையும் பச்சைத் திரையும் நேரில் எவ்வளவு வேறாக இருந்தாலும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் நூல் டப்பாவைச் செல்போனில் கருப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள், எத்தனை நிறங்கள் ஒன்றாகிவிடுகின்றன என்று தெரியும். ஆனால் போன் படத்தைப் பார்த்தே வரையாதீர்கள், நிழலுக்குள் இருக்கிற வேறுபாட்டைப் பெரும்பாலும் அது ஒரே கருப்பாக்கிவிடும்.

சரி, மலைக்கு வருவோம். அடிவாரத்து மரங்களுக்குப் போட்ட அதே கருப்பை மேலே கடைசி முகட்டுக்கும் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் சுவராகிவிட்டது. நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கிற காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. தூரம் கூடக் கூடக் கருப்பெல்லாம் வெளிறி வானத்தின் பக்கம் போய்விடும். லியனார்டோ டாவின்சி தன் குறிப்பேடுகளில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அம்மாப்பேட்டை மொட்டை மாடியிலிருந்து சேர்வராயன் மலையை விடிகாலையில் பாருங்கள், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால் அந்த மலை எவ்வளவு வெளுப்பு! உங்கள் பட்டையில் அது இரண்டைத் தாண்டாது.

முடிந்தால் பனி இறங்குகிற ஒரு நாளில் மேலே போய் வாருங்கள். காபித் தோட்டத்து ஓரமாக நின்றால் முதல் சில்வர் ஓக் மரம் நல்ல கருப்பு, அதற்குப் பின்னால் நிற்பது சாம்பல், அதற்கும் பின்னால் இருப்பது காகிதத்தில் மூச்சு விட்ட மாதிரி. இலை, பட்டை, கொடி எதுவும் தெரியாது. படத்துக்கு மூன்று கட்டம் போதும், மீதியைப் பனி எடுத்துக்கொண்டுவிடும். ஷேடிங் கற்றுக்கொள்கிறவருக்கு அதைப்போல ஒரு நாள் கிடைக்காது. வெயில் நாளில் அதே இடத்தில் காபி இலை ஒவ்வொன்றும் வானத்தை வாங்கிப் பளபளக்கும், ஒரு வருஷம் கழித்து அதை வரையுங்கள்.

தினம் ஒரு முட்டை, அரை மணி நேரம், முப்பது நாள். ஜன்னலை ஒரு நாள் இடப்பக்கம் வைத்து, ஒரு நாள் வலப்பக்கம் வைத்து, ஒரு நாள் உங்களுக்கு எதிரே வைத்து வரையுங்கள். பத்தாவது முட்டைக்குப் பிறகு உங்கள் கையிலேயே இருக்கிற பாடத்துக்குப் போகலாம். ஒரு வெள்ளைக் காடாத் துணியை ஆணியில் மாட்டி அதன் மடிப்புகள். எங்கே மடிப்பு கூர்மையாகத் திரும்புகிறதோ அங்கே வெளிச்சமும் நிழலும் சட்டென்று பிரியும், எங்கே மெல்ல வளைகிறதோ அங்கே கரைந்து போகும். இஸ்திரி போட்ட மடிப்புக்கும் தொங்குகிற கொசுவத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாப் படத்திலும் தேதியும் வெளிச்சம் வந்த பக்கமும் எழுதி வையுங்கள். முப்பதும் முடிந்ததும் முதல் முட்டையையும் கடைசி முட்டையையும் எனக்கு அனுப்புங்கள். சொம்பை அப்போது எடுப்போம்.