தைப்பது டெய்லர், பதிவேட்டில் ஹெல்பர்

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்துகிறேன். 140 பேரில் 112 பேர் பெண்கள். வேலை பழகிய கையோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஆண், பெண் சமத்துவத்துக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று ஆர்டர் கொடுக்கும் கம்பெனி கேட்கிறது. பெண்களுக்குத்தானே வேலையே கொடுக்கிறேன்?

பதில்: வேலை கொடுக்கிறீர்கள், சரி. எந்த இடத்தில், என்ன கூலிக்கு? சம்பளப் பதிவேட்டை எடுத்து, பெயரை மறைத்துவிட்டு, பார்க்கும் வேலை, அனுபவம், தினக்கூலி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வருடமாக போஸ்ட் மெஷினில் (தூண் போன்ற மேடை கொண்ட தையல் மெஷின்) தைக்கும் பெண் பதிவேட்டில் இன்னும் ‘ஹெல்பர்’ என்றே இருக்கலாம். அதே மெஷினில் உட்காரும் ஆண் ‘டெய்லர்’. நின்றுபோகிறவர்களில் எத்தனை பேர் இப்படி என்று எண்ணுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது 1976லேயே சட்டம். சமப்படுத்துகிறேன் என்று ஆணின் கூலியைக் குறைக்கவும் கூடாது. உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

செலவு என்று தோன்றினால், ஒருவர் நிற்பதால் ஆகும் செலவையும் எழுதுங்கள்: புது ஆள் பழகும் வாரங்களின் கூலி, பிரித்துத் தைக்கும் ஜோடிகள், வீணாகும் தோல். லைனில் ஒரு மெஷின் காலியானால் அதற்கு முன்னால் பீஸ் குவியும், பின்னால் இருப்பவர்கள் சும்மா உட்கார்வார்கள். அதை ஈடுகட்ட ஓவர்டைம். அந்த ஓவர்டைமே அடுத்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பும்.

பிரசவ விடுப்புக்கு அஞ்ச வேண்டாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, விடுப்புக்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாளுக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டியிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தை அதுவே தருகிறது. சந்தாவை ஒழுங்காகக் கட்டாத இடத்தில்தான் பெண் கைவிடப்படுகிறாள். கர்ப்பிணியைப் பசை போடும் மேசையிலிருந்து செக்கிங்குக்கு மாற்றுங்கள், கூலி குறையாமல். 50 பேருக்கு மேல் வேலை செய்வதால் குழந்தைகள் காப்பகமும் கட்டாயம். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்வரலாம். அதைப் பசை வாடை எட்டாத அறையில் வையுங்கள்.

சூப்பர்வைசர் பதவியைப் பெண்கள் வேண்டாம் என்கிறார்களா? வேலை நேரம் முடிந்த பிறகு கணக்கு ஒப்படைக்க நின்றால் வேன் போய்விடும் என்பது காரணமாக இருக்கலாம். கணக்கு எடுப்பதை 20 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். முதலில் இரண்டு பெண்களை சூப்பர்வைசர் ஆக்குங்கள். பயிற்சியின் முதல் நாளிலிருந்தே சூப்பர்வைசர் சம்பளம்.

பாலியல் தொல்லைப் புகார்க் குழு 10 பேர் இருந்தாலே கட்டாயம். தலைவர் மூத்த பொறுப்பிலுள்ள பெண், பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியாள். மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். முதலாளியின் உறவினரைக் குழுவில் போட்டால் புகாரே வராது. அதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழுவினரின் பெயர், போன் எண்களைத் தமிழிலும் உருதுவிலும் எழுதி, ஆபீஸ் வாசலில் அல்ல, பெண்கள் சாப்பிடும் இடத்தில் ஒட்டுங்கள்.